பாதி மட்டும் வந்து சேர்ந்த சொல்

‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்ற மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் புழங்குகின்றன. வளர்சிதைமாற்ற நோய்க்குறி என்கிறார்கள். வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி என்கிறார்கள். நோய்த்தொகுதி என்று முடிப்பவர்களும் உண்டு. இலங்கைத் தமிழர் வளர்சிதைமாற்றத்தை அனுசேபம் என்று வழங்குவதால் அங்கே அது வேறு உருவம் கொள்கிறது. இவற்றில் எதை உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று உரக்கச் சொன்னாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் அந்தச் சொல் குறிக்கும் நிலையை உடம்பில் சுமந்துகொண்டு காஞ்சிபுரம் பேருந்துக்கோ செங்கல்பட்டுப் பேருந்துக்கோ காத்திருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள்.

கலைச்சொல் பொதுமக்களுக்குப் புரிவதில்லை என்பது பழைய புகார். அதை இங்கே மீண்டும் எழுப்பப் போவதில்லை. வெள்ளெழுத்தும் காமாலையும் மக்கள் தந்த பெயர்கள். வளர்சிதைமாற்றம் பாடநூல் தந்த பெயர். இரண்டுக்கும் அதனதன் இடம் இருக்கிறது. என் மனக்குறை வேறு. இந்தச் சொல்லின் இரண்டு பாதிகளில் நோயாளிக்கு அவ்வளவாகப் பயன்படாத பாதியைப் பாடுபட்டு, அழகாகவே தமிழாக்கிவிட்டோம். பயன்படக்கூடிய பாதி வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

முதற்பாதியைப் பார்ப்போம். ‘மெட்டபொலே’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மாற்றம் என்பதற்குமேல் பொருளில்லை. எது மாறுகிறது, எவ்வாறு மாறுகிறது என்பதை அது சொல்வதில்லை. வளர், சிதை என்ற இரண்டு வேர்களை ஒட்டவைத்து நம்மவர்கள் மூலத்தில் இல்லாத தெளிவொன்றைக் கொண்டுவந்தார்கள். உண்டதிலிருந்து உடல் தன்னைக் கட்டிக்கொள்வது வளர்மாற்றம்; சேர்த்து வைத்ததை உடைத்து ஆற்றலாக்கிக்கொள்வது சிதைமாற்றம். இரண்டும் ஒரே உடலுக்குள் ஓயாமல் நடக்கின்றன. மொழிபெயர்ப்பு மூலத்தை விஞ்சிய இடங்களைத் தொகுத்தால் இச்சொல்லுக்கு அதில் நல்ல இடம் கிடைக்கும். (இப்போது யூட்யூபில் ‘மெட்டபாலிசத்தை ஏற்றிவிடும்’ கஷாயங்கள் பெருகிவிட்டன. வேண்டுமானால் கூட்டவும் வேண்டாவிட்டால் குறைக்கவும் அது என்ன ஸ்டவ்வா என்று கேட்கத் தோன்றும். அந்தப் புலம்பலைத் தனியே வைத்துக்கொள்வோம்.)

இரண்டாம் பாதிதான் சிக்கல். ‘சின்’ என்றால் உடன். ‘த்ரோமோஸ்’ என்றால் ஓட்டம். சேர்ந்து ஓடுதல், ஓடிவந்து ஓரிடத்தில் கூடுதல். ஊரில் மக்கள் திமுதிமுவென்று கூடுவதற்கும் கிரேக்கத்தில் இச்சொல்லே வழங்கியிருக்கிறது. ஆகவே ஒரு மருத்துவர் சிண்ட்ரோம் என்று சொல்லும்போது அவர் ஒரு நோயின் பெயரைச் சொல்வதில்லை. சில விஷயங்கள் தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக ஒன்றாகவே வருகின்றன என்ற ஒரு கவனிப்பைச் சொல்கிறார். ஏன் ஒன்றாக வருகின்றன என்பது தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம்.

இதை ‘நோய்க்குறி’ என்று எழுதும்போது என்ன ஆகிறது? நோய்க்குறி என்பது நோயின் அடையாளம். காய்ச்சலில் உடம்பு சுடுவதும் வயிற்றுப்போக்கில் நா வறள்வதும் நோய்க்குறிகள். ஒருமைச் சொல் வந்து உட்கார்ந்துவிட, கூடுதல் என்ற கருத்து கிளம்பிப் போய்விடுகிறது. ‘கூட்டறிகுறி’ மேல், கூட்டு அதில் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அறிகுறி என்ற சொல் அங்கே முரணாக நிற்கிறது. இந்த நிலையின் முக்கியமான குணமே அறிகுறி இல்லாமைதான். சற்றே ஏறிய ரத்த அழுத்தம் வலிக்காது. சற்றே ஏறிய சர்க்கரை தாகத்தை உண்டாக்காது. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு எதையும் உணர்த்தாது. கண்ணுக்குத் தெரிவது தொப்பை ஒன்றுதான். அதை நம் ஊரில் நோய் என்று எவரும் எண்ணுவதில்லை. அதைப் பற்றிப் பிறகு.

சேர்ந்து வருவதைக் குறிக்கத் தமிழ் மருத்துவத்துக்குச் சொல் இல்லாமலில்லை. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் இரண்டு கூடிக் கெடுவது தொந்தம். மூன்றும் ஒருசேரக் கெடுவது சன்னிபாதம். சன்னிபாதம் என்ற வடசொல்லின் பொருள் சேர்ந்து வந்து விழுதல். சேர்ந்து ஓடுதலும் சேர்ந்து விழுதலும்! ஒன்றுக்கொன்று தொலைவிலிருந்த இரு மருத்துவ மரபுகள் படுக்கையருகே நின்று ஒன்றையே கண்டு ஒரே மாதிரிப் பெயரிட்டிருக்கின்றன. பிறகு அந்தச் சன்னிபாதம் நம் வாயில் தேய்ந்து ஜன்னியாகிவிட்டது. கடுங்காய்ச்சலில் கைகால் இழுத்துப் பிதற்றினால் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்கிறோம். கூடுதல் என்ற பொருள் உதிர்ந்துபோய், கூடியதால் விளைந்த ஒரு காட்சி மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. சிண்ட்ரோமுக்கும் அதே கதி நேர்கிறது என்பதே என் எண்ணம்.

இது அகராதிக்காரர்களின் கவலை மட்டும்தானே, இதில் யாருடைய உடம்பு போகிறது என்று கேட்கலாம். போகிறது. இன்று பெரும்பாலும் வழங்கும் வரையறையின்படி ஐந்து அளவுகள் பார்க்கப்படுகின்றன. வயிற்றுச் சுற்றளவு, தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்குமேல். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 150 மில்லிகிராம் அல்லது அதற்குமேல். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ். ரத்த அழுத்தத்தில் மேலெண் 130-ஐயோ கீழெண் 85-ஐயோ தொடுதல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்குமேல். ஐந்தில் எவையேனும் மூன்று இருந்தால் போதும்.

இப்போது நாற்பது வயது மனிதர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயிறு 94 செ.மீ.; வெறும் வயிற்றுச் சர்க்கரை 106; அழுத்தம் 132/84; ட்ரைகிளிசரைடு 170. நீரிழிவு என்று சொல்லச் சர்க்கரை 126-ஐத் தொடவேண்டும், ஆகவே அவருக்கு நீரிழிவு இல்லை. நம் ஊர் மருத்துவர்கள் வழக்கமாக ரத்தக்கொதிப்பு என்று மருந்து எழுதும் 140/90-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. கொழுப்புக்கும் மாத்திரை எழுதமாட்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அவரை ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். அதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, பார்டர்.

“இன்னா மாமா, ரத்தம் குடுத்துட்டு வந்தீங்களே, இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லப்பா. எல்லாமே பார்டர்லதான் கீதாம்.”

இந்த ‘எல்லாமே’ என்ற சொல்லில்தான் சிண்ட்ரோம் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒரு வேலியோரத்தில் நிற்பவர் வேலியோரத்தில் நிற்பவர்தான். ஒரே சமயத்தில் நான்கு வேலிகளின் ஓரத்திலும் நிற்பவர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர். இந்த நிலை உள்ளவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைப்போல் ஐந்து மடங்கு, இதய ரத்தநாள நோய்க்கான வாய்ப்பு இரண்டு மடங்கு என்று 2009-ஆம் ஆண்டின் பன்னாட்டு அமைப்புகளின் கூட்டறிக்கை சொல்கிறது. மாமாவோ நிம்மதியாக டீக்கடைக்குப் போய் இன்னொரு டீ சொல்வார், சர்க்கரை சற்றுத் தூக்கலாக.

உள்ளே நடப்பது என்ன என்பதை உத்திரமேரூர்க்காரருக்கு விளக்குவது எளிது. பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்ற பெரிய ஏரியை வைத்து எழுந்த ஊர் அது. மதகில் மண் அடைத்துக்கொண்டால் கடைமடை வயல் காயும். கரையோர வயலில் நீர் ஊறி நாற்று அழுகும். மிகுந்தது கலங்கல் வழியே வழிந்து எவர் தோட்டத்திலாவது பாயும். காய்ந்தவர், அழுகியவர், வெள்ளம் புகுந்தவர் ஆகிய மூவரும் மூன்று மனு எழுதுவார்கள். போய்ப் பார்த்தால் ஒரே மதகு. உடலில் இன்சுலினின் ஆணையைத் தசையும் கல்லீரலும் செவிமடுக்காமல் போவதை அப்படிப்பட்ட அடைப்பு எனலாம். குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து படியும் கொழுப்பு அந்த அடைப்புக்குத் துணைபோகிறது. தசை சர்க்கரையை வாங்க மறுக்கிறது. கல்லீரல் தேவையின்றிச் சர்க்கரையை உண்டாக்கி வெளியே விடுவதோடு ட்ரைகிளிசரைடையும் உற்பத்தி செய்து தள்ளுகிறது, அதனால் எச்.டி.எல். குறைகிறது. ஈடுகட்ட உடல் இன்சுலினை மேலும் சுரக்க, சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, அழுத்தம் ஏறுகிறது.

எல்லாவற்றுக்கும் இந்த ஒரே மதகுதான் காரணமா என்பதில் வல்லுநர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. அந்தச் சண்டையின் வரலாறு சுவையானது.

1923-இலேயே ஸ்வீடன் மருத்துவர் எஸ்கில் கைலின் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கௌட் எனப்படும் மூட்டுவீக்கம் மூன்றும் சேர்ந்து வருவதைக் குறித்துவைத்தார். 1947-இல் மார்சேய் நகரத்து ழான் வாக், இடுப்புக்குக் கீழே திரளும் கொழுப்பைவிட மேலே திரளும் கொழுப்பே கேடு என்றார். 1988-இல் அமெரிக்காவில் ஜெரால்ட் ரீவன் ஆற்றிய பான்டிங் பேருரையில் இவற்றை இன்சுலின் எதிர்ப்பு என்ற நூலில் கோத்து ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயரிட்டார். எக்ஸ் என்பது கணக்கில் தெரியாத எண்ணுக்கு வைக்கும் எழுத்து. அடக்கமான பெயர். மறு ஆண்டே இன்னொருவர் ‘மரண நால்வர்’ என்று நாடகத் தலைப்பு வைத்தார். உலக சுகாதார நிறுவனம் 1998-இல் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று வரையறுத்தது. 2001-இல் அமெரிக்கக் கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் ஐந்தில் மூன்று என்ற எளிய கணக்கைக் கொண்டுவந்தது. 2005-இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு தொப்பை இல்லாமல் எதுவும் செல்லாது என்று விதித்தது. 2009-இல் எல்லோரும் உட்கார்ந்து பேசி, தொப்பைக் கட்டாயத்தை நீக்கி, ஐந்தில் மூன்றுக்கே திரும்பினார்கள். இடையில் வெறும் வயிற்றுச் சர்க்கரையின் எல்லை 110-இலிருந்து 100-க்கு இறங்கியது. ஒரே இரவில் உடம்பில் எதுவும் மாறாமலே பல லட்சம் பேர் வரையறைக்குள் வந்துவிட்டார்கள்.

சென்னையில் இதன் விளைவைக் கண்கூடாகக் காட்டிய ஆய்வொன்று உண்டு. சென்னை நகர்ப்புற, கிராமப்புற நோய்ப்பரவல் ஆய்வின் பகுதியாக 2,350 பேரை மூன்று வரையறைகளாலும் அளந்து பார்த்தார்கள். முடிவு 2007-இல் வெளியாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி 23.2 சதவீதம், அமெரிக்க அளவுகோலின்படி 18.3 சதவீதம், பன்னாட்டுக் கூட்டமைப்பின்படி 25.8 சதவீதம். அதே மனிதர்கள், அதே ரத்தம்.

இதைப் படித்துச் சிலர் வரையறைகள் என்றாலே மோசடி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உத்திரமேரூரைச் சேர்ந்தவர்கள் அப்படி அவசரப்படமாட்டார்கள் என்று நினைக்கிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-இலும் மற்றது 921-இலும் வெட்டப்பட்டவை. வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியானவர் யார் என்பதற்கான வரையறை அவற்றில் இருக்கிறது. முதல் கல்வெட்டில் முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயது. இரண்டே ஆண்டில் அது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடை என்று மாறிவிட்டது. கால் வேலிக்குமேல் இறைநிலம் வேண்டும். அது இல்லாதவர்க்கு அதில் பாதி நிலமிருந்து ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றிருந்தால் போதும் என்ற சலுகையும் உண்டு. பன்னாட்டுக் கூட்டமைப்பின் ‘இது இருந்தால் அதில் இரண்டு’ கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர் நினைவுக்கு வருகிறது. முப்பத்து நான்கு வயதுக்காரர் பொறுப்பற்றவர் என்று அந்தச் சபை நம்பியிருக்காது. எங்கோ ஒரு கோடு போட்டாகவேண்டும், போட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை, மாற்றிப் போட்டார்கள். கோடு மனிதர் போட்டது என்பதால் கோட்டுக்கு இருபுறமும் உள்ள வேறுபாடு பொய்யாகிவிடாது.

ஆனால் எதிர்ப்பு வெளியாட்களிடமிருந்து மட்டும் வரவில்லை. 2005-இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து இந்தச் சொல்லின் பயனையே கேள்விக்குள்ளாக்கின. 2010-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, கருத்தாக இது உதவலாம், நோயறியும் கருவியாக நடைமுறைப் பயன் குறைவு என்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்ற தகப்பனே பிள்ளையைத் தள்ளிவைத்தார். இந்த நோயறிதல் தேவைதானா என்று ரீவன் 2006-இல் கட்டுரையே எழுதினார். அவருடைய வாதம் நேரானது. ஐந்தையும் கூட்டுவதால் தனித்தனியே தெரிந்ததற்குமேல் புதிதாக எதுவும் தெரிவதில்லை. இரண்டு மட்டும் இருந்து இரண்டும் கடுமையாக இருப்பவர் மூன்றும் லேசாக இருப்பவரைவிட ஆபத்தில் இருக்கிறார். மருத்துவர் ஒவ்வொன்றையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் செய்யட்டும், பெயர் எதற்கு? 2018-இல் காலமாகும்வரை அவர் அந்தப் பெயரோடு சமாதானமாகவில்லை என்றே தெரிகிறது.

ரீவனின் வாதத்தை அறிவியலாக நான் மறுக்கமுடியாது. ஆனால் அது எந்த மருத்துவமனையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்று கேட்கலாம். அங்கே ஒரு நோயாளிக்கு ஒரு மருத்துவர். அவர் மேசையில் ஒரே கோப்பு. அதில் ஐந்து எண்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. கூட்டிப் பார்க்கும் கண் ஏற்கெனவே இருப்பதால் கூட்டுச் சொல் மிகையாகிறது. கிராமத்தில் நிலைமை வேறு. அழுத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கப்பட்டுச் சீட்டில் எழுதப்படும். சீட்டு சட்டைப்பையோடு துவைந்துபோகும். சர்க்கரையைக் கடைத்தெரு லேப்பில் ஊசி குத்திப் பார்ப்பார்கள். கொழுப்பை, பெரும்பாலும் வேறேதோ அறுவைச் சிகிச்சைக்காகக் காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போனபோது பார்த்திருப்பார்கள். வயிற்றை அளந்தவர் தையற்காரர் ஒருவரே. ஐந்து எண்கள் ஐந்து இடங்களில், ஐந்து ஆண்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைத் தேடி ஒன்றாக வைத்துப் பார் என்று எவருக்கும் தோன்றவேண்டுமானால் அப்படித் தோன்றச்செய்ய ஒரு சொல் வேண்டும். ஸ்டான்ஃபோர்டுக்குத் தேவையற்ற பெயர் உத்திரமேரூருக்குத் தேவைப்படலாம்.

மருத்துவமனைச் சீட்டுகளின் மொழியும் பிரித்துவைக்கும் மொழிதான். டி.எம்., எச்.டி.என். என்று வரிசையாக எழுதிப் பக்கத்தில் மாத்திரைகளை எழுதுவார்கள். நோயாளியும் அப்படியே கற்றுக்கொள்கிறார்: ‘இது சுகர் மாத்திரை, இது பிரஷர் மாத்திரை, வெள்ளையா நீளமா இருக்குதே அது கொழுப்புக்கு.’ ஒரு வீட்டில் குடியிருக்கும் மூன்று வாடகைதாரர்களைப்போல அவை ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன. மாத்திரை தீர்ந்துபோனால் எதை முதலில் வாங்குவது என்ற கேள்வி வரும்போது வாடகைதாரர்களில் ஒருவர் வெளியேற்றப்படுகிறார். பெரும்பாலும் பிரஷர். அது வலிப்பதில்லை அல்லவா.

இனித் தொப்பை. தமிழில் உடல் பருமனைப் பற்றிய சொற்களைக் கவனித்தால் அவற்றில் பாதி பாராட்டுகள். ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பது பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் தரும் நற்சான்று. நெடுநாள் கழித்துப் பார்த்தவரை ‘என்ன, இளைச்சுட்டீங்களே’ என்று கேட்பது பரிவு. ‘உடம்பு வெச்சிருக்கீங்க’ என்பது மகிழ்ச்சி. பசியின் நினைவு இன்னும் அகலாத சமூகத்தில் இது இயல்பானதே. கொழுப்பு என்ற சொல்லோ திமிருக்கும் பெயர். ‘உங்களுக்குக் கொழுப்பு அதிகம்’ என்று லேப் அறிக்கையைப் பார்த்துச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் முறைக்கிறார்கள்.

இதில் இந்திய உடம்புக்கே உரிய சூழ்ச்சி ஒன்று உண்டு. 2004-இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கைகால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளி, ‘நான் எங்கே குண்டு’ என்று கேட்கும் மனிதரை நாம் எல்லோரும் அறிவோம். தராசு அவரைக் காட்டிக்கொடுக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம் என்றும் வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் என்றும் காட்டியது. இடையில் உள்ள பதினொரு சதவீதத்தினர்தான் தராசுக்குத் தப்பியவர்கள். அதே ஆய்வில் தமிழ்நாட்டின் நீரிழிவு விகிதம் 14.4 சதவீதம், நாட்டின் சராசரி 11.4.

ஆகவே அளக்கவேண்டியது வயிற்றை. இங்கும் வேட்டி ஏமாற்றுகிறது. வேட்டியோ லுங்கியோ பேண்டோ, நம் ஆண்கள் அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் கட்டுகிறார்கள். ‘எனக்கு இருபது வருஷமா முப்பத்துநாலு சைஸ்தான்’ என்று பெருமைப்படுபவர், கட்டும் இடம் ஒவ்வோர் ஆண்டும் கீழே இறங்கிவந்திருப்பதைச் சொல்வதில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றிப் பார்க்கவேண்டும். 90 செ.மீ. என்பது முப்பத்தைந்தரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 80 செ.மீ. முப்பத்தொன்றரை அங்குலம். எங்கள் வடபகுதியில் பிறந்த குழந்தைக்கே அரைஞாண் கயிறு கட்டிவிடுகிறார்கள். பெரியவர்களிலும் பலர் அதை அவிழ்ப்பதில்லை. இறுகுகிறது என்று முடிச்சைத் தளர்த்திக் கட்டும் நாளைக் கவனித்துவந்திருந்தாலே ஒரு மருத்துவக் குறிப்பேடு கிடைத்திருக்கும். எவரும் அதை அப்படிப் பார்க்கவில்லை.

அரசும் மருத்துவர்களும் எதுவும் செய்யாமல் இல்லை. மதுராந்தகம் தாண்டிக் கிழக்கே, அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து 2019-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போன சூணாம்பேட்டில், சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 2006-இல் தொடங்கிய திட்டம் 42 கிராமங்களை எட்டியது. பெரியவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்குமேல் சோதிக்கப்பட்டார்கள். கண்ணின் விழித்திரைப் படங்கள் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பு வழியே வேனிலிருந்து சென்னைக்குப் போயின. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. இரண்டையும் மனமாரப் பாராட்டலாம். ஆனால் இரண்டின் மொழியும் நோயின் மொழி. ஒன்று நீரிழிவின் பெயரால் அழைக்கிறது. மற்றது சுகர், பிரஷர் என்று வந்துவிட்டவர்களுக்கு மாத்திரை தருகிறது. நான்கு வேலிகளின் ஓரத்தில் நிற்கும் மாமாவுக்கு இரண்டிலும் பெயரில்லை. அவருடைய மகனுக்கு இன்னும் இல்லை. அவன் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ செய்யாறு சிப்காட்டுக்கோ கம்பெனி பஸ்ஸில் போய், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் மாறி, கேன்டீன் சோற்றைத் தின்றுவிட்டு, வந்து பகலில் தூங்குகிறான். அப்பன் ஏர் பிடித்த நிலத்தில் இன்று டிராக்டர் ஓடுகிறது; சோற்றின் அளவு மட்டும் ஏர் பிடித்த காலத்து அளவிலேயே நிற்கிறது. பகலில் வீடு தேடி வரும் எந்தத் திட்டமும் அவனை எழுப்பி அளந்துவிடாது.

சரி, என்னதான் சொல்வது? சன்னிபாதத்தை உயிர்ப்பிக்க முடியாது. ‘உங்களுக்கு ஜன்னி’ என்றால் அடிதான் விழும். நூல்களில் வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி இருந்துவிட்டுப் போகட்டும். வாய்ப்பேச்சுக்கு நான் பரிந்துரைப்பது அந்தப் பக்கத்து மக்கள் நன்கறிந்த ஒரு சொல்லிலிருந்து கிளம்புவது: கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பிகள் நால்வர் பெயரில் ஒரே பட்டா இருந்தால், ஒருவர் மட்டும் போய்த் தன் பங்கை விற்றுவிட்டு வருவது எவ்வளவு கடினம் என்று உத்திரமேரூர்த் தாலுகா அலுவலகத்துக்கு ஒருமுறை நடந்தவர்களுக்குத் தெரியும். ஒருவருக்கு வில்லங்கம் வந்தால் மற்றவர் கையெழுத்தும் கேட்கப்படும். ‘சக்கரை, பிரஷர், கொழுப்பு, தொப்பை நாலும் கூட்டுப் பட்டா மாமா, ஒண்ணை மட்டும் தனியா முடிக்க முடியாது’ என்று சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது. கூட்டுக் கோளாறு என்று அதைச் சுருக்கிக்கொள்ளலாம். பட்டா என்பது சொத்துக்கல்லவா, நோயைச் சொத்து என்பதா என்று கலைச்சொல் அன்பர்கள் வருந்தக்கூடும். ‘எங்கப்பாரு வுட்டுட்டுப் போன சொத்து இதுதான்’ என்று சுகர் சீட்டைக் காட்டும் வழக்கம் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. அதற்குப் பங்காளிகளும் குறைவில்லை.

பெயரோடு கூட ஒன்று வேண்டும்: ஐந்து எண்களுக்கும் ஒரே பக்கத்தில் இடம் தரும் ஒரு சீட்டு. தாய்மை அடைந்த பெண்ணுக்கு எடை, ரத்த அழுத்தம், ரத்தச்சத்து, ஊசி போட்ட தேதி எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதித் தரும் பழக்கம் நம் கிராமச் செவிலியர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அந்த அட்டையைப் பெண்கள் ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைக்கிறார்கள். அதேபோல் முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, அதில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தை நிரப்ப லேப் வேண்டாம், ஊசி வேண்டாம். தையற்கடை டேப் ஒன்று போதும், செ.மீ. பக்கம் தெரியும்படி.